குடமடுவில் கயிற்றைத் தாண்டியவர்கள்

ஒரு சங்கம் கட்டடம் கட்டுகிறது என்றால் முதலில் வந்து சேர்வது கல்வெட்டுதான். குடமடு நீர்வீழ்ச்சி தன்னார்வ உயிர்காப்போர் பொதுநலச் சங்கத்தின் கல்வெட்டு, கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே ஜீப்பில் மல்லாந்து படுத்தபடி ஜவ்வாது மலை ஏறிவிட்டது. கறுப்பு கிரானைட்டில் பொன்னெழுத்து. நிறுவனத் தலைவர் சக்திவேல் பெயர் நடுவில். அதற்கு மேலே, திறந்துவைக்கப்போகும் பெரிய மனிதர் யார் என்று இன்னும் முடிவாகாததால், ஒரு பெரிய மனிதர் சாய்ந்து உட்காரும் அளவுக்குக் காலியிடம். தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்குவது சங்கத்தின் வேலை என்பதைக் கடைசி வரியில், இடம் மிச்சமிருந்த அளவுக்குச் சொல்லியிருந்தார்கள்.

குடமடு, ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் காட்டுக்குள் விழுகிற ஓர் அருவியின் அடிமடு. பெயருக்கு ஏற்ற உருவம்தான்: மேலே வாய் குறுகல், உள்ளே வயிறு அகலம். ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீர். நாலு எட்டு தள்ளிப் போனால் காலுக்குக் கீழே தரை சட்டென்று இல்லாமல் போகும். அருவி விழுகிற வேகம் ஆளை அழுத்தி, பாறைக்குள் குடைந்திருக்கும் அந்த வயிற்றுக்குள் தள்ளிவிடும். அதற்கு முன்னால் குறுக்கே ஒரு மஞ்சள் நைலான் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் குளியல், அந்தப் பக்கம் குடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர், ஆரணி, சென்னை என்று ஜனங்கள் வண்டி வண்டியாக வருவார்கள். நீச்சலை செல்போனில் பார்த்துக் கற்றவர்களும் அதில் உண்டு.

சங்கத்தில் பதவி இல்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. நீச்சல் தெரிந்தவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் வெண்ணிலா. பக்கத்து மலைக் கிராமத்துப் பெண், உறைவிடப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்கும். ஆனால் அவள் வாய்க்கு அது அவசியமில்லை. போன வருஷம் ஆடியில் ஒரு கல்லூரி மாணவன் கயிற்றைத் தாண்டினான். அப்போது சங்கம் சாலையோரத் தகரக் கொட்டகையில் இருந்தது. அங்கிருந்து தண்ணீர் தெரியாது, அலறல்தான் கேட்கும். அலறல் கேட்டு, சரிவில் ஓடி இறங்கி, குதித்து, வெண்ணிலா அவனை வெளியே கொண்டுவந்தபோது நேரம் கடந்திருந்தது. அவன் அம்மா கரையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு வெண்ணிலா சங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று. தண்ணீர் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு கூரை. "இன்னொரு தபா அப்படி ஒருத்தர என்னால தூக்க முடியாது" என்றாள் கூட்டத்தில். மடுவுக்கு நேர் மேலே, பலாமரத்துக்குப் பக்கத்தில் இருந்த பாறைத்திட்டில் இடம் பார்த்தார்கள்.

தலைவர் சக்திவேலுக்குக் கண்ணமங்கலத்தில் ஹார்டுவேர் கடை. நல்ல மனிதர். சிமென்டும் கம்பியும் அவர் உபயம். அவரை இதுவரை தண்ணீரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மலைக்கு வருவார். நெஞ்சில் 'தலைவர்' என்று அச்சடித்த ஆரஞ்சு நிற டீ-சர்ட்டைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்வார். தொப்பி வைப்பார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, அருவியை முதுகுக்குப் பின்னால் விட்டு, கம்பீரமாக ஒரு போட்டோ. 'டியூட்டியில்' என்று அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, டீ-சர்ட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்து, பிரியாணிக்குப் போய்விடுவார். போட்டோ ஒரே தடவையில் நிறைய எடுத்து வைத்துக்கொள்வதால் மற்ற ஞாயிறுகளிலும் டியூட்டி தடைபடுவதில்லை.

சுவர் சன்ஷேடு உயரத்துக்கு வந்ததும், படவேட்டிலிருந்து வந்திருந்த மேஸ்திரி சந்திரன் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"திருஷ்டி பொம்மைக்கு யாரு துணி குடுக்கிறீங்க?"

"இன்னா துணி?" என்றார் செயலாளர் ரங்கன். சாமையும் புளியும் விளைவிக்கிற மலைக்காரர். நீச்சலிலும் நக்கலிலும் தேர்ந்தவர்.

"வூட்டுக்காரரு போட்ட பழைய துணிய பொம்மைக்கு மாட்டணுங்க. கண்ணு படறது அவரு மேல படாம இது வாங்கிக்கும். இங்க வூட்டுக்காரரு யாரு?"

யார் என்று சங்கத்துக்கே அதுவரை தெரியாது. ஒரு பழைய சட்டைக்காக அவசரக் கூட்டம் போட்ட சங்கம் மலையில் இது ஒன்றாகத்தான் இருக்கும். துணைத் தலைவர் லுங்கி கொண்டுவந்திருந்தார். பொருளாளர் தன் கல்யாண கோட்டையே தருவதாகச் சொன்னார். கட்டடத்தின் சொந்தக்காரர் தான்தான் என்பதை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது. கடைசியில் சக்திவேல் எழுந்து, தன் ஆரஞ்சு டீ-சர்ட்டை இரண்டு கையிலும் ஏந்தி, பொன்னாடை போல மேஸ்திரியிடம் கொடுத்தார். கைதட்டினார்கள்.

"இது பழசுங்களா? தண்ணி பட்ட மாதிரியே இல்லியே" என்றார் சந்திரன்.

"பழசுதான், போடுப்பா" என்றார் தலைவர்.

சந்திரன் கலையுணர்வு உள்ளவர். வைக்கோலை அடைத்து, கறுப்புப் பேன்ட் மாட்டி, மண்சட்டியைக் கவிழ்த்துத் தலையாக்கி, சுண்ணாம்பில் கண்ணும் கரியில் மீசையும் வரைந்தார். கையை எப்படி வைப்பது என்று யோசித்தபோது தலைவரே தன் செல்போனில் இருந்த போட்டோவைக் காட்டினார். அப்படியே இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. மழையில் மீசை கரையாமல் இருக்கத் தலைவரின் தொப்பியும் ஏறியது. மடுவைப் பார்த்தபடி பொம்மையைச் சன்ஷேடு மேல் நிறுத்திக் கட்டிவிட்டு, சந்திரன் எல்லோரையும் பார்த்து விரலை ஆட்டினார்.

"பால் காய்ச்சற வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது, மூடக்கூடாது. நடுவுல எடுத்தா, யாரு துணியோ அவங்க மேலயே எல்லாம் எறங்கிடும். அப்பறம் என்னைக் கேக்கக்கூடாது."

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும் சக்திவேல் இதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வைகாசியில் மழை பிடித்து அருவி இறங்கியது. அந்த வாரத்திலிருந்துதான் விஷயம் விசித்திரமாகப் போனது. ஜனங்கள் கயிற்றைத் தாண்ட ஆரம்பித்தார்கள்.

முன்பெல்லாம் நாளுக்கு ஒருவன், குடித்துவிட்டோ காதலிக்கு முன்னாலோ தாண்டுவான். இப்போது கண்ணாடி போட்ட கணக்காளர்கள் தாண்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு தகப்பன் தாண்டினான். வெண்ணிலாவும் ரங்கனும் விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிக்கொண்டார்கள். ஒருவரை இழுத்துக் கரையில் விட்டுத் திரும்பினால் அந்தப் பக்கம் இன்னொரு தலை.

வெண்ணிலா கயிற்றைச் சோதித்தாள். அதே கயிறு, அதே இடம். 'ஆழமான பகுதி' பலகையும் அப்படியே இருந்தது. அதில் மண்டையோடுகூட வெளுக்கவில்லை.

"ஏன் மாமா இப்படி ஆச்சு?"

"வெயிலு" என்றார் ரங்கன்.

"போன வருசமும்தான் வெயிலு."

"அப்ப ரீல்ஸு."

"போன வருசம் மட்டும் ரீல்ஸ் இல்லியா?"

"அப்ப நீ கத்தறது பழகிப்போச்சு. எங்க வூட்லயும் அப்படித்தான்."

இன்னொன்றும் அவளுக்குப் புதிராக இருந்தது. ஜனங்கள் ஒரு பக்கம் தறிகெட்டுப் போனார்களே தவிர, மறுபக்கம் அநியாயத்துக்கு ஒழுக்கமாகிவிட்டார்கள். பாறை மறைவில் பாட்டில் திறப்பவர்கள், திறந்த பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டை எறிந்த ஒருவன் தானே போய்ப் பொறுக்கிக்கொண்டான். பெண்கள் குளிக்கிற பக்கம் எட்டிப் பார்த்து நிற்கிற கூட்டம் காணாமல் போயிருந்தது. இந்த அளவு நாகரிகம் குடமடுவில் அதற்கு முன் இருந்ததில்லை. இவ்வளவு நல்ல பிள்ளைகள் எதற்காகக் கயிற்றை மட்டும் தாண்டிப் போய்ச் சாகப் பார்க்கிறார்கள்?

அடுத்த ஞாயிறு அவள் விசிலை ரங்கனிடம் கொடுத்துவிட்டு, ஒரு பாறையில் உட்கார்ந்து முகங்களை மட்டும் பார்த்தாள். கயிறு வரை வருகிறார்கள். நிற்கிறார்கள். பிறகு எல்லோரும், சொல்லிவைத்த மாதிரி, ஒரு காரியம் செய்கிறார்கள்: அண்ணாந்து பார்க்கிறார்கள். அதன் பிறகு தாண்டுகிறார்கள். ஒரு சின்னப் பெண் மேலே பார்த்து டாட்டாகூடக் காட்டினாள்.

வெண்ணிலா தண்ணீரில் இறங்கினாள். கயிறு வரை போய், கழுத்தளவில் நின்று, அவர்கள் திரும்பிய பக்கமே திரும்பி அண்ணாந்து பார்த்தாள்.

பலாமரத்து இலைகளுக்கு நடுவே, பாறை உச்சியில், ஆரஞ்சு டீ-சர்ட்டும் தொப்பியுமாக ஒரு ஆள் இடுப்பில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கணம் அவளுக்கே நிம்மதியாக இருந்தது.

பக்கத்தில் போனால் சட்டித்தலை. கீழேயிருந்து பார்த்தால், உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப்போகிற மாதிரி ஒரு நிற்பு.

"அடப்பாவிங்களா" என்றாள் வெண்ணிலா. யாரைச் சொன்னாள் என்பது அவளுக்கே தெளிவில்லை.

சும்மா சொன்னால் சங்கம் நம்பாது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு காலையில், மழை வரும் என்ற சாக்கில், பொம்மையைத் தார்ப்பாயால் மூடினாள். மதியம் வரை ஒருவரும் கயிற்றைத் தாண்டவில்லை. ஒரே ஒரு பீர் பாட்டில் உடைந்தது. மதியத்துக்கு மேல் தார்ப்பாயை எடுத்தாள். பாட்டில்கள் பைக்குள் போயின. ஜனங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனார்கள். ரங்கன் வாயைப் பிளந்து பார்த்தார். "நம்ம சங்கத்துலயே இவன் ஒருத்தன் சொல்றதத்தான் கேக்கறாங்க" என்றார்.

கூட்டம் கட்டடத்துக்குள்ளேயே நடந்தது. கூரை போட்டாயிற்று, பூச்சு ஈரம். எல்லோரும் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். தலைவருக்கு மட்டும் நாற்காலி.

"தலைவரே, பொம்மைய எறக்கணும்" என்றாள் வெண்ணிலா.

சக்திவேல் எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு பெருமிதம் பரவியது. "அப்ப நம்ம டீ-சர்ட்டப் பாத்தே ஜனங்க அடங்கிப் போறாங்கன்னு சொல்றே."

"அடங்கிப் போயி முழுகப் பாக்கறாங்கன்னு சொல்றேன்."

"பாட்டில் உடைக்கிறது இல்லல்ல? பொம்பளைங்களக் கிண்டல் பண்றது இல்லல்ல? நல்லதயும் சொல்லும்மா டீச்சரம்மா."

"சரி, பொம்மை இருக்கட்டும். சட்டைய மட்டும் கழட்டிடலாம்."

"அது என் சட்டைம்மா!" தலைவரின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. "மேஸ்திரி இன்னா சொன்னாருன்னு கேட்டே இல்ல? யாரு துணியோ அவங்க மேல. உனக்கின்னா, குத்துக்கல்லாட்டம் கீறே. எனக்கு உள்ள ஸ்பிரிங் வச்சிருக்காங்க."

"இன்னும் ஒருத்தன் போனா என் மேல எறங்கும் தலைவரே. அதுக்கு யாரு பொம்மை வைப்பீங்க?"

சங்கங்கள் இப்படிப்பட்ட நேரத்தில் செய்வதை அந்தச் சங்கமும் செய்தது: எதையும் எடுக்காமல், புதிதாக ஒன்றை வைக்கத் தீர்மானித்தது. பொம்மைக்குக் கீழே 'இது பொம்மை' என்று ஒரு பலகை. அடுத்த வாரமே வந்துவிட்டது. பலகையின் பெரும்பகுதியில் 'சக்தி ஹார்டுவேர்ஸ், கண்ணமங்கலம்' என்று இருந்தது. மூலையில், கம்பி விலைப்பட்டியலுக்குக் கீழே, இது பொம்மை. தண்ணீரிலிருந்து பார்த்தவர்களுக்கு ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் சொந்தச் செலவில் காவலாள் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. நம்பிக்கை கூடிவிட்டது.

சீக்கிரம் திறப்பு விழா வைத்துப் பால் காய்ச்சிவிட்டால் பொம்மை இறங்கிவிடும். அதற்குப் பெரிய மனிதரின் தேதி வேண்டும். அவருடைய உதவியாளர் அடுத்த வாரம் என்றார். பிறகு அடுத்த மாதம் என்றார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் அருவியில் தண்ணீர் பொங்கும், மலையில் கூட்டம் பொங்கும். பால் மட்டும் பொங்கக்கூடாது. ஆவணி வரை பொம்மைக்குப் பதவி நீட்டிப்பு.

வெண்ணிலா ஆடி முழுக்கத் தண்ணீரிலேயே நிற்பது என்று முடிவு செய்தாள். கட்டடம் கட்டச் சொன்னது உட்கார்ந்து பார்க்கத்தான். கட்டி முடித்த பிறகு, அந்தக் கட்டடத்தினாலேயே அவள் உட்கார முடியாமல் போனது.

ஆடியின் முதல் ஞாயிறு, சக்திவேல் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. தை மாதம் கல்யாணமான மகள் கவியாவும் மாப்பிள்ளை சரவணகுமாரும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். காலையில் சக்திவேல் "டியூட்டிக்குப் போய்ட்டு வந்துர்றேன் மாப்ள, ஜனங்க உசுரு பாருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மலைக்குத்தான் போனார். ஆனால் ஜமுனாமரத்தூரில் நாட்டுக்கோழி பேரம் பேச. பேரத்துக்கு நடுவில், பழக்கதோஷமாக, பழைய போட்டோ ஒன்றை எடுத்து 'டியூட்டியில்' என்று அனுப்பினார்.

போட்டோவைப் பார்த்த மாப்பிள்ளைக்கு மாமனாரை நேரில் பார்க்கிற ஆசை வந்துவிட்டது. "சொல்லாம போய் நிப்போம்" என்று கவியாவையும் ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பினார்.

மடுவில் இறங்கியதும் கவியா மேலே பார்த்தாள். "தோ, எங்கப்பா!" கையை ஆட்டினாள். மேலே அசைவில்லை. "டியூட்டில கீறாரு இல்ல, ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

சரவணகுமாருக்குப் பள்ளி நாளில் ஏதோ மாவட்ட நீச்சல் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய ஞாபகம். கல்யாணத்தன்று மேடையில் தூங்கி விழுந்ததைத் தவிர மாமனார் கண்ணில் அவர் இதுவரை எதுவும் செய்துகாட்டியதில்லை. கயிறு வரை போனார். அண்ணாந்து பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தினார். தாண்டினார்.

வெண்ணிலா அப்போது மறுகோடியில் இரண்டு ஆரணிப் பையன்களை இழுத்துக்கொண்டிருந்தாள். ரங்கனின் விசில் கேட்டுத் திரும்பியபோது, குடத்தின் வாயில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கை உதவிக்குத் தவிக்கிற மாதிரி இல்லை; மேலே இருக்கிற யாரையோ கூப்பிடுகிற மாதிரி அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

குதித்தாள். பாறைக்கு அடியில் இருட்டு. போன ஆடியில் தடவிய அதே பாறை, அதே வழுக்கல். கைக்கு முதலில் கல் வந்தது, பிறகும் கல், பிறகு சட்டைக் காலர். அதைப் பிடித்துப் பாறையைக் காலால் உதைத்தாள். வெளியே ரங்கன் ட்யூபை வீசியிருந்தார். கரையில் குப்புறப் போட்டு, புரட்டி, நெஞ்சை அழுத்தியபோது அவள் யாரையும் பார்க்கவில்லை. கரையில் நிற்கிற பெண்ணின் முகத்தை மட்டும் பார்க்கவே கூடாது என்று வைத்துக்கொண்டாள். அழுத்தினாள், அழுத்தினாள். மாப்பிள்ளை இருமினார். காலையில் சாப்பிட்ட கேசரி வெளியே வந்தது.

பேச்சு வந்ததும் முதலில் சொன்னது: "மாமா பாத்துட்டே நின்னாரு."

கவியா அழுதுகொண்டே போனைப் போட்டாள். எடுத்ததும் அவளுக்கு வந்தது கேள்விதான்.

"அப்பா, டியூட்டில தானே கீறே?"

"ஆங், டியூட்டிதாம்மா" என்றார் சக்திவேல், ஜமுனாமரத்தூரில், கோழியைத் தலைகீழாகப் பிடித்து எடை பார்த்தபடி. "தண்ணியதாம்மா பாத்துக்கினு கீறேன்."

கவியா பாறை உச்சியைப் பார்த்தாள். அங்கே கை இடுப்பிலேயே இருந்தது. அப்பா எந்நேரமும் காதில் ப்ளூடூத் மாட்டியிருப்பவர். அதனால் அவளுக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை.

"பாத்துக்கினேவா நின்னே? அவரு முழுகறத பாத்துக்கினேவா நின்னே? ஒரு சத்தம் குடுக்கக்கூட வாய் வரலியா உனக்கு?"

கோழி கத்துவது மட்டும் போனில் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திருங்க" என்றாள் வெண்ணிலா.

"மாமா கீழ எறங்கி வரட்டும். அப்பறம் எழுந்திருக்கறேன்" என்றார் சரவணகுமார், ஈரத் துண்டுக்குள் நடுங்கிக்கொண்டு. சாவைப் பார்த்துவிட்டு வந்தாலும் மாப்பிள்ளை முறுக்கு முறுக்குதான்.

ரங்கன் வாயைத் திறந்தார். வெண்ணிலா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மாமா." பிறகு சரிவில் ஏறிக் கட்டடத்துக்குப் போனாள்.

அவள் நினைத்தபடியே சக்திவேல் வண்டியைச் சாலையில் விட்டுவிட்டு, மடுவுக்குப் போகாமல், பின்பக்கமாகக் கட்டடத்துக்கு வந்தார். கையில் கால் கட்டிய நாட்டுக்கோழி. முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்ள?"

"உசுரோட கீறாரு."

அவர் அப்படியே சிமென்ட் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்தார். பிறகு எழுந்து சன்னலில் எட்டி, மேலே நின்ற பொம்மையைப் பார்த்தார். அவர் எதை யோசிக்கிறார் என்பது வெண்ணிலாவுக்குத் தெரிந்தது. பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு, டீ-சர்ட்டையும் தொப்பியையும் தான் மாட்டிக்கொண்டு, இங்கிருந்து இறங்கிப் போனால் போதும். அவர்தான் நின்றுகொண்டிருந்தார் என்றே ஆகிவிடும்.

"எறங்கிப் போயி ரெண்டுல ஒண்ணு சொல்லணும் தலைவரே" என்றாள். "மாப்ள முழுகறத பாத்துக்கினு நின்ன மாமனாரா? இல்ல, டியூட்டிக்கே வராத தலைவரா? எதுவா இருந்தாலும் நான் ஒத்துக்கறேன். எனக்கு வேண்டியது, அது அங்க நிக்கக்கூடாது."

அந்த நேரம் பார்த்துச் சந்திரன் பூச்சுக்கரண்டியோடு உள்ளே வந்தார். சக்திவேல் சன்னலில் கால் வைத்துச் சன்ஷேடு மேல் ஏறுவதைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"ஐயையோ, தொடாதீங்க! பால் காய்ச்சலீங்க! உங்க துணிங்க அது!"

"தெரியும்பா" என்றார் சக்திவேல். கயிற்று முடிச்சு மழையில் இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தார்.

கீழே மடுவில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டார்கள். இத்தனை நாளாக அசையாமல் நின்ற காவலாளை, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். மறுகையில் கோழி. ஒவ்வொரு படிக்கும் நின்று, கோழி பிடித்த கையாலேயே நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நாலைந்து பேர், யாரும் விசில் ஊதாமலே, அவசர அவசரமாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

சக்திவேல் பொம்மையை மாப்பிள்ளைக்கு எதிரில் பாறையில் உட்காரவைத்தார்.

"மாப்ள, இவர்தாங்க டியூட்டில இருந்தாரு." மூச்சு வாங்கியது. "நான் கோழி வாங்கப் போயிருந்தேன். போன ஞாயித்துக்கிழமையும் வரல. அதுக்கு முந்தியும்… எனக்கு நீச்சலே தெரியாதுங்க."

கவியா அப்பாவைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். சரவணகுமார் கையை நீட்டிச் சட்டித்தலையில் இருந்த தொப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"மீசை அப்படியே உங்களுது மாமா" என்றார். பிறகு எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

சக்திவேல் மேல் அன்று எதுவும் இறங்கவில்லை. ஆரஞ்சு டீ-சர்ட்தான் இறங்கியது, அதுவும் ஒழுங்காக: அடுத்த ஞாயிறு அதை உதறிப் போட்டுக்கொண்டு, கட்டடத்தின் சன்னலில், வாயில் விசிலோடு உட்கார்ந்தார். வைக்கோல் தூசு முதுகில் அரிக்க அரிக்க, சொறிந்துகொண்டே ஊதினார். நீச்சல் தெரியாத ஆளுக்குத் தண்ணீர் மேல் எவ்வளவு பயம் இருக்குமோ அவ்வளவும் விசிலில் வந்தது. முட்டிவரை இறங்கியவர்களுக்குக்கூட ஊதினார்.

சந்திரன் மட்டும் விடவில்லை. திறப்பு விழா ஆகாத கட்டடம் பொம்மை இல்லாமல் நிற்கக்கூடாது. அப்படி நின்றால் இனிக் கரண்டியைத் தொடவே மாட்டேன் என்றார். மறுபடியும் கூட்டம் போட்டார்கள். யார் துணி என்று கேட்டதும், லுங்கி கொண்டுவந்த துணைத் தலைவர் வெளியே பார்த்தார். பொருளாளரின் கல்யாண கோட்டு சலவைக்குப் போயிருந்தது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை.

"என்னுதே போடுங்க" என்றார் சக்திவேல். திறப்பு விழாவுக்கென்று தைத்து வைத்திருந்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்துண்டு மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். கஞ்சி போட்டு விறைப்பாக இருந்ததால் இந்தத் தடவை வைக்கோல் குறைவாகவே பிடித்தது. கையை இடுப்பில் வைக்க வேண்டாம் என்று வெண்ணிலா சொன்னாள். சந்திரன் யோசித்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடு போடவைத்தார்.

வெண்ணிலா தண்ணீரில் இறங்கி, கயிறு வரை போய், கழுத்தளவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டு, அந்த ஆடியில் முதல் தடவையாகப் பாறையில் உட்கார்ந்தாள்.

பதினோரு மணிவாக்கில் வேலூர்க் குடும்பம் ஒன்று கயிறு வரை வந்தது. கணவர் நின்றார். மேலே பார்த்தார். வெள்ளை வேட்டியையும் தோள்துண்டையும் கும்பிட்ட கையையும் சற்று நேரம் பார்த்தார்.

"யாரோ கட்சிக்காரரு நிக்கிறாரும்மா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பையனின் கையை எட்டிப் பிடித்தார். "இங்கயே குளிங்க. நம்மள நாமதான் பாத்துக்கணும்."